பால்சோற்றை விடாத பூனைக்குட்டியை முறையான உணவுக்குக் கொண்டுவருவது எப்படி: முழுமையான வழிகாட்டி

தெருவிலிருந்து எடுத்துவந்த குட்டியாக இருந்தாலும், தெரிந்தவர் வீட்டிலிருந்து வந்த குட்டியாக இருந்தாலும், முதல் வாரத்துப் புகார் ஒன்றுதான். பால் குடிக்கிறது, பால்சோறு தின்கிறது, கடையில் வாங்கிய பூனை உணவை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. உடனே வேறொரு பிராண்டு வாங்குவார்கள். அதையும் தொடவில்லை என்றால் இன்னொன்று. அலமாரியில் பிரித்த பாக்கெட்டுகள் சேரும். குட்டி பாலிலேயே நிற்கும்.

அடம்பிடிக்கிறது என்று நாம் சொல்லும் குட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தட்டில் இருப்பது தின்னும் பொருள் என்றே தெரியாது. எது உணவு என்பதைப் பூனைக்குட்டி தாயைப் பார்த்துக் கற்கிறது. சீக்கிரமே தாயைப் பிரிந்த குட்டிக்கு அந்தப் பாடம் பாதியில் நின்றுபோயிருக்கும். மீதியை நாம்தான் நடத்த வேண்டும். அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. நடுவில் ஒரு படியைத் தாண்டினால் அடுத்தது பலிக்காது. கீழே உள்ளவை ஏறத்தாழ 5 வாரம் முதல் 4 மாதம் வரையிலான குட்டிகளுக்கானவை.

1. வயதைப் பல்லை வைத்துக் கணியுங்கள்

கொண்டுவந்து கொடுத்தவர் சொன்ன வயதை நம்ப வேண்டாம். மெலிந்த 3 மாதக் குட்டி, நன்றாக வளர்ந்த 2 மாதக் குட்டியைவிடச் சிறியதாகத் தெரியும்.

நல்ல வெளிச்சத்தில் குட்டியை மடியில் வைத்து மேலுதட்டை விரலால் லேசாக உயர்த்திப் பாருங்கள். முன்வரிசைச் சின்னப் பற்கள் 2 முதல் 4 வாரத்துக்குள் வரும். கோரைப்பற்கள் 3 அல்லது 4 வாரத்தில். அவற்றுக்குப் பின்னால் இருக்கும் கன்னப் பற்கள் 4 முதல் 6 வாரத்துக்குள் முளைக்கத் தொடங்கும். கன்னப் பற்கள் இல்லையென்றால் குட்டியால் எதையும் கடித்து அரைக்க முடியாது. கூழ் போன்ற உணவு மட்டுமே சரிப்படும்.

கோரைப்பல்லே தெரியவில்லை, நடை தள்ளாடுகிறது என்றால் அது இன்னும் பால்குடிக் குட்டி. அதற்குத் தேவை பூனைக்குட்டிகளுக்கென்று விற்கும் பால்மாவும் பால்புட்டியும். இந்த வழிகாட்டியை அதன்மேல் பிரயோகிக்காதீர்கள்.

2. நோயா, பழக்கமின்மையா என்று பிரித்துப் பாருங்கள்

பலரும் தாண்டிக் குதிக்கும் படி இது. நோயுள்ள குட்டிக்கு எவ்வளவு நல்ல உணவை வைத்தாலும் பயனில்லை. அதோடு, வயிற்றைப் புரட்டும் நேரத்தில் வைத்த உணவின் மணத்தைக் குட்டி நினைவில் வைத்துக்கொண்டு, குணமான பிறகும் அதை ஒதுக்கும். நல்ல உணவு ஒன்றை வீணாக இழந்துவிடுவீர்கள்.

தட்டை வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து கவனியுங்கள்.

ஆவலாக ஓடிவருகிறது, ஒரு வாய் எடுக்கிறது, சட்டென்று பின்வாங்கித் தலையை உதறுகிறது அல்லது வாயைப் பாதத்தால் தேய்க்கிறது என்றால், வாயில் புண் இருக்கலாம். பூனைச் சளி என்று நாம் சொல்லும் தொற்றில் நாக்கிலும் அண்ணத்திலும் புண் வருவது உண்டு.

தட்டருகே வந்தும் மணம் பிடிபடாததுபோல் நிற்கிறது, மூக்கு ஒழுகிக் காய்ந்திருக்கிறது, கண்ணில் பீளை என்றால் மூக்கு அடைத்திருக்கிறது. பூனை முதலில் மூக்கால்தான் தின்கிறது. மணம் தெரியாத உணவை வாயில் வைக்காது.

வயிறு மட்டும் பானையாக உப்பி, முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படுகிறது என்றால் குடற்புழு. தெருக்குட்டிகளில் புழு இல்லாததைத்தான் அரிதாகப் பார்க்கலாம். குடற்புழு நீக்க மருந்தை எடைக்கு ஏற்பக் கால்நடை மருத்துவர்தான் கொடுக்க வேண்டும். வீட்டில் குழந்தைகளுக்கு வாங்கிய மாத்திரையை உடைத்துக் கொடுப்பது ஆபத்து. காய்ச்சல் என்று நினைத்துப் பாரசிட்டமால் கொடுப்பது அதைவிடப் பெரிய ஆபத்து. சிறிய அளவுகூடப் பூனையைக் கொன்றுவிடும்.

விளையாடுகிறது, மூக்கு சுத்தமாக இருக்கிறது, பாலைக் கண்டால் கத்துகிறது, புது உணவை முகர்ந்துவிட்டுப் பக்கத்துத் தரையைப் பிறாண்டிவிட்டுப் போகிறது என்றால் மட்டுமே அது பழக்கமின்மை. தரையைப் பிறாண்டுவதை "இது மட்டமான சாப்பாடு" என்ற தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இப்போது வேண்டாத உணவை மூடிவைக்கப் பார்க்கும் இயல்பு அது.

நேரக் கெடு ஒன்றை மனதில் வையுங்கள். 8 வாரத்துக்குட்பட்ட குட்டி பால் உட்பட எதையும் தொடாமல் அரை நாள் இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். பெரிய குட்டி என்றாலும் ஒரு முழு நாளைத் தாண்டவிடக் கூடாது. சிறு உடலில் சேமிப்பு இல்லை; இரத்தச் சர்க்கரை விரைவாகச் சரியும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ சேர்ந்திருந்தால் அந்த அவகாசமும் கிடையாது. சென்னையில் வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பூனைகளைப் பார்ப்பார்கள். மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருந்தகத்தில் விசாரியுங்கள்.

மழையில் நனைந்து வந்த குட்டியின் காதும் பாதமும் சில்லென்று இருந்தால் உணவை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் உடலைச் சூடாக்குங்கள். துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலைப் பக்கத்தில் வைத்தால் போதும். உடல் குளிர்ந்திருக்கும்போது குடல் வேலை செய்யாது. உள்ளே போனது செரிக்காமல் கிடக்கும்.

3. முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

கிராம் காட்டும் சமையலறைத் தராசு. விளிம்பு உயராத தட்டையான தட்டு இரண்டு. பழைய காபி சாஸர் மிகப் பொருத்தம். பூனைக்குட்டிகளுக்கான பவுச் உணவு (சிறு உறையில் வரும் ஈர உணவு), கூழ்பதம் ஒன்றும் குழம்போடு துண்டுகளாக இருப்பது ஒன்றும். அதே பிராண்டின் குட்டி உலர் உணவு, கிடைப்பதிலேயே சின்னப் பாக்கெட். எலும்பில்லாத கோழிக்கறி கால் கிலோ. ஐஸ் தட்டு ஒன்று.

உலர் உணவை மூட்டையாக வாங்காதீர்கள். சாக்கைப் பிரித்து நிறுத்துக் கொடுக்கும் கடைகளிலும் வாங்க வேண்டாம். காற்றுப்பட்ட உலர் உணவில் கொழுப்பு கெட்டுச் சிக்கு வாடை வந்துவிடும். அந்த வாடை நமக்குத் தெரிவதற்கு முன்பே குட்டிக்குத் தெரிந்துவிடும். பிறகு, "இந்த பிராண்டு பிடிக்கவில்லை" என்று நாம் தவறாக முடிவு கட்டுவோம்.

4. எது முறையான உணவு என்பதில் தெளிவாக இருங்கள்

எங்கே போகிறோம் என்று தெரியாமல் குட்டியை இழுத்துக்கொண்டு போக முடியாது. எனவே இங்கே கொஞ்சம் நின்று படியுங்கள்.

பூனை இறைச்சி தின்றே வாழ வேண்டிய பிராணி. டாரின் என்ற சத்தை அதன் உடல் போதிய அளவு தயாரிக்காது. இறைச்சியிலிருந்துதான் வர வேண்டும். தொடர்ந்து பற்றாக்குறை ஏற்பட்டால் விழித்திரை கெட்டுப் பார்வை போகும், இதயத் தசை தளரும். இதயநோய்க்கும் இந்தப் பற்றாக்குறைக்கும் உள்ள தொடர்பு 1987-ல் உறுதியானது. கேரட்டிலும் கீரையிலும் இருக்கும் பொருளை வைட்டமின் ஏ ஆக மாற்றவும் பூனையால் முடியாது. பால்சோறும் தயிர்ச்சோறும் வயிற்றை நிரப்பும், குட்டியை வளர்க்காது.

பசும்பாலில் இன்னொரு சிக்கல். அதில் உள்ள லாக்டோஸ் என்ற பால்சர்க்கரையைச் செரிக்கும் திறன் குட்டி வளர வளரக் குறைந்துகொண்டே போகும். நீலப் பாக்கெட்டானாலும் பச்சைப் பாக்கெட்டானாலும் விளைவு ஒன்றுதான்: இளகிய மலம், நீரிழப்பு, பசியின்மை. பசி இல்லாத குட்டி மறுபடியும் பாலுக்கே போகும்.

"அப்படியானால் வெறும் கோழிக்கறி போடலாமே?" என்று கேட்பவர்கள் நிறைய. சில நாட்களுக்குப் போடலாம், மாதக்கணக்கில் கூடாது. தனிக் கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. எலும்பிலிருந்து கால்சியத்தை உடல் உருவ ஆரம்பிக்கும். துள்ளிக் குதிக்கும் வயதில் குட்டியின் கால் வளைவதும், சின்ன உயரத்திலிருந்து விழுந்தே எலும்பு முறிவதும் இதனால்தான். ஈரலை மட்டும் தினமும் போட்டால் வைட்டமின் ஏ மிகையாகிவிடும். பச்சை மீனில் சில வகைகள் தயமின் என்ற வைட்டமினைச் சிதைக்கும். வேகவைத்து முள்ளெடுத்த மீனை அவ்வப்போது சிறிதளவு தரலாம், அவ்வளவுதான்.

ஆகவே அடிப்படை உணவாக, பாக்கெட்டில் "காம்ப்ளீட்" என்றும் "கிட்டன்" அல்லது "குரோத்" என்றும் அச்சிட்டிருப்பதையே எடுங்கள். "காம்ப்ளிமென்டரி" என்று இருந்தால் அது துணை உணவு. குழாய்போன்ற சிறு பாக்கெட்டில் வரும் நக்கும் பசைகள் பெரும்பாலும் இந்த வகைதான். நாய் உணவு எந்த நிலையிலும் பதிலாகாது.

சைவ வீடுகளில் இது சங்கடமான விஷயம் என்பது தெரியும். ஆனால் பருப்புச் சோற்றில் பூனையை வளர்க்க வழி இல்லை. பால்கனியில் தனித் தட்டு, தனிக் கரண்டி, பிரித்தவுடன் ஊற்றிவிடும் பவுச் என்று வைத்துக்கொண்டால் சமையலறைக்குள் எதுவும் வர வேண்டியதில்லை. கோழி வேகவைக்கும் படிகளில் கோழிக்குப் பதிலாகக் குட்டிகளுக்கான பால்மாவைக் கரைத்துப் பயன்படுத்தியும் பழக்கலாம். கொஞ்சம் மெதுவாக நடக்கும்.

5. உணவை மாற்றும் முன் நேரத்தை மாற்றுங்கள்

முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு அது இப்போது என்ன தின்கிறதோ அதையே கொடுங்கள். ஆனால் நேரத்துக்குக் கொடுங்கள். காலை 6 மணி, 11 மணி, மாலை 4 மணி, இரவு 9 மணி என்று நான்கு வேளை பெரும்பாலான குட்டிகளுக்குப் பொருந்தும். 8 வாரத்துக்குக் குறைந்தவற்றுக்கு ஐந்து வேளை. வைத்த 20 நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள்.

காரணம் எளிது. நாள் முழுக்கத் தட்டில் பாலோ உலர் உணவோ இருந்தால் குட்டிக்குப் பசி என்ற ஒன்று சரியாக எழவே எழாது. அரைப் பசியோடு இருக்கும் குட்டி புதியதைத் தொடாது. நல்ல பசியோடு இருப்பது தொட்டுப் பார்க்கும். வேளைகளுக்கு நடுவில் உள்ள அந்த நான்கைந்து மணி நேரப் பசிதான் நமக்கு வேண்டியது. "பட்டினி போட்டால் தானாக வழிக்கு வரும்" என்ற அறிவுரையைக் காதில் வாங்காதீர்கள்; குட்டிகள் விஷயத்தில் அது கொடுமை மட்டுமல்ல, உயிருக்கே ஆபத்து.

வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேச வேண்டிய இடமும் இதுதான். குட்டி வளர்ப்பில் நான் கண்ட தோல்விகளில் பாதிக்குக் காரணம் குட்டியல்ல, தாத்தாவின் டீயில் நனைத்த பிஸ்கட். பூனையின் நாக்குக்கு இனிப்பே தெரியாது. அது கேட்பது பிஸ்கட்டில் உள்ள கொழுப்பையும் உங்கள் கவனத்தையும். யார் என்ன கொடுத்தாலும் அந்த நான்கு வேளைக்குள், அந்தத் தட்டில்தான் என்று முடிவெடுங்கள்.

பாலை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். சாப்பாட்டுக்கு முன்பு கொடுத்துவந்ததைச் சாப்பாட்டுக்குப் பின்பு என்று மாற்றி, ஒவ்வொரு நாளும் அளவைக் குறையுங்கள். மலம் தண்ணீராகப் போனால் மட்டும் அன்றே பாலை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள்.

6. இடம், தட்டு, எறும்பு

சுவரோரமாக, ஆள் நடமாட்டம் குறைந்த இடம் வேண்டும். தின்னும்போது குட்டிக்கு முதுகுப்புறம் பாதுகாப்பாக இருப்பதாகத் தோன்ற வேண்டும். மிக்ஸி, வாஷிங்மெஷின் அருகே வைத்தால் ஒருமுறை அலறல் கேட்டே அந்த மூலையை ஒதுக்கிவிடும். குட்டி மலம் கழிக்கும் மணல் தட்டு அதே மூலையில் இருக்கக் கூடாது. தண்ணீர்க் கிண்ணத்தையும் உணவுத் தட்டிலிருந்து சில அடிகள் தள்ளி வையுங்கள்; பல பூனைகள் அப்படி வைத்தால்தான் தண்ணீர் குடிக்கின்றன.

எறும்பு ஏறிய தட்டில் ஒருமுறை மூக்கில் கடிவாங்கிய குட்டி அந்தத் தட்டையே அஞ்சும். அகலமான தாம்பாளத்தில் விரல்கடை ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றி, நடுவில் கவிழ்த்த கிண்ணத்தின்மேல் தட்டை வைத்தால் எறும்பு வராது. குட்டி எட்டும் உயரம்தானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

7. இளஞ்சூடும் மணமும்

குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த பவுச்சை அப்படியே வைப்பது புதியவர்கள் தினமும் செய்யும் தவறு. குளிர்ந்த உணவில் மணம் எழாது. பூனை வேட்டையாடும் இரை உடல்சூட்டில் இருக்கும். அந்த 38 டிகிரியை ஒட்டிய சூடுதான் அதற்கு இயல்பு.

ஒரு வேளைக்கான அளவைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்து, அதை வெந்நீர் உள்ள பெரிய கிண்ணத்தில் சில நிமிடம் மிதக்க வையுங்கள். நன்றாகக் கிளறிப் புறங்கையில் ஒரு துளி வைத்துப் பாருங்கள். சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது. மைக்ரோவேவில் வைத்தால் நடுவில் கொதிக்கும் இடம் ஒளிந்திருக்கும். ஒரு தடவை நாக்கைச் சுட்டுக்கொண்ட குட்டியைத் திரும்பத் தட்டருகே கொண்டுவருவது பெரும்பாடு.

மணத்தைக் கூட்ட, உப்போ மசாலாவோ இல்லாமல் கோழி வேகவைத்த நீர் ஒரு ஸ்பூன் போதும். அந்த நீரை ஐஸ் தட்டில் உறையவைத்துக்கொண்டால் வேளைக்கு ஒரு கட்டி எடுத்துக்கொள்ளலாம். குழம்பு மீனைக் கழுவிப்போடுவது நம் வீடுகளில் காலங்காலமாக நடப்பது. தயவுசெய்து நிறுத்துங்கள். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். கழுவினால் காரம் போகலாம், உள்ளே இறங்கிய சாறு போகாது. கருவாடும் அப்படித்தான், மணம் இழுக்கும், உப்பு கெடுக்கும்.

8. முதல் வாய்: விரல், ஸ்பூன், தட்டு

அவசரப்பட்டால் எல்லாம் கெடும் படி இது.

நல்ல பசி நேரத்தில் குட்டிக்கு எதிரே தரையில் உட்காருங்கள். நின்றபடி குனிந்தால் நீங்கள் அதன் கண்ணுக்கு மிகப் பெரிய உருவம். கூழ்பதப் பவுச்சிலிருந்து பச்சைப்பயறு அளவு எடுத்து விரல் நுனியில் தடவிக்கொள்ளுங்கள். மூக்குக்கு நேரே நீட்டாமல், வாயின் பக்கவாட்டில், கடைவாய்க்குச் சற்று முன்னால் கொண்டுபோய் நிறுத்துங்கள். மூக்கின்மேல் ஒட்டினால் மூச்சுக்கு இடைஞ்சல். குட்டி தும்மிவிட்டு ஓடும்.

குட்டி முதலில் முகரும். பிறகு நாக்கின் நுனி மட்டும் வெளியே வந்து உள்ளே போகும். காதுகள் சற்றுப் பின்னுக்குச் சாயும், தலையைச் சிலுப்பும், ஒரு துளி உங்கள் சட்டையில் தெறிக்கும். பெரும்பாலானவர்கள் இங்கேயே "பிடிக்கவில்லை" என்று கையை இழுத்துக்கொள்கிறார்கள். அப்படியே அசையாமல் வைத்திருங்கள். மேலுதட்டில் ஒட்டியதை அது நக்கிச் சுத்தம் செய்யும். அந்த நக்கலில்தான் சுவை முதன்முதலாக உள்ளே போகிறது. இரண்டாம் முறை நாக்கு நீளும்போது நின்று நிதானமாக நக்கும்.

நக்கவே இல்லையென்றால் மிகச் சிறிய துளியை மேலுதட்டிலோ முன்பாதத்திலோ தடவிவிடுங்கள். தன்மேல் ஒட்டியதை நக்கித் துடைக்காமல் பூனையால் இருக்க முடியாது. ஒரு வேளைக்கு ஒருமுறை போதும். திரும்பத் திரும்பத் தடவினால் உங்கள் கையைக் கண்டே ஒளியும்.

விரலில் நக்கத் தொடங்கியதும், ஒவ்வொரு முறையும் விரலைக் கொஞ்சம் தாழ்த்துங்கள். கடைசியில் விரல் தட்டைத் தொட வேண்டும். குட்டியின் தலை விரலைத் தொடர்ந்து தட்டுக்கு வரும். விரல் பதிந்த இடத்தில் ஒரு சிறு குவியல் இருக்கட்டும். அது விரலோடு சேர்த்துக் குவியலையும் நக்கும். அந்தச் சமயத்தில் விரலை மெல்ல விலக்குங்கள். நக்குவது நின்றால் மறுபடியும் விரலை வையுங்கள். புட்டியில் பால்குடித்த குட்டி விரலைச் சப்பிக் கடிக்கும். அதற்கு விரலுக்குப் பதிலாகச் சின்ன ஸ்பூனை வைத்து இதையே செய்யுங்கள்.

இந்தப் படியில் இரண்டு தவறுகள் எதிரெதிர்த் திசையில் நடக்கின்றன. சிலர் முதல் நக்கலைப் பார்த்த மகிழ்ச்சியில் அடுத்த வேளையே தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். இன்னும் சிலர் ஆசையாகக் கையிலேயே ஊட்டிக்கொண்டிருந்து, பிறகு ஒரு நாள் வெளியூர் போனால் குட்டி பட்டினி கிடக்கும். விரலிலிருந்து தட்டுக்கு இறங்கும் வேலை சில நாட்களுக்குள் முடிந்துவிட வேண்டும்.

சிரிஞ்சில் அடைத்து வாய்க்குள் பீச்சுவதை மருத்துவர் செய்துகாட்டிச் சொன்னாலொழியச் செய்யாதீர்கள். நுரையீரலுக்குள் போனால் நிமோனியாவில் முடியும்.

9. கலந்து மாற்றுவது

விரலில் நக்கிவிட்டது என்பதால் ஒரு தட்டு முழுவதையும் தின்றுவிடும் என்று பொருளில்லை. பழகியதிலிருந்து புதியதற்கு ஒரு பாலம் போட வேண்டும்.

பால்சோறு மட்டுமே தின்னும் குட்டிக்கு முதல் மாற்றம், பாலின் இடத்தில் கோழி வேகவைத்த நீர். சோறு அப்படியே இருக்கட்டும். அதைத் தின்றதும் அந்தச் சோற்றில் வெந்த கோழியைச் சேருங்கள். பிறகு சோற்றைக் குறைத்துக்கொண்டே வந்து இல்லாமலாக்குங்கள். இப்போது குட்டி கோழி தின்கிறது. இங்கே நிம்மதியாக நின்றுவிடுவது பலருக்கு வசதி. ஏன் நிற்கக் கூடாது என்பதை நான்காம் படியில் சொல்லியாகிவிட்டது.

அடுத்து கோழியில் முறையான உணவைக் கலக்க வேண்டும். மூன்று பங்கு கோழிக்கு ஒரு பங்கு புது உணவு. இரண்டு மூன்று நாள் கழித்துப் பாதிக்குப் பாதி. பிறகு ஒரு பங்கு கோழி, மூன்று பங்கு புதியது. பிறகு முழுவதும் புதியது. 7 முதல் 10 நாள் என்பது பொதுக் கணக்கு. சில குட்டிகள் அதைப்போல இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். நாக்குக்கு மட்டுமல்ல, குடலுக்கும் இந்த அவகாசம் தேவை. ஒரே நாளில் மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும், பழி புது உணவின்மேல் விழும்.

கலக்கும்போது நன்றாக மசியுங்கள். கோழியை நாராகக் கிழித்து மேலே தூவினால் குட்டி நாரை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றுவிட்டு, கீழே உள்ளதைச் சுத்தமாக விட்டுவைக்கும். கொஞ்சம் வெந்நீர் சேர்த்து மிக்ஸியில் ஒரு சுற்று விட்டால் பிரிக்க முடியாது.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் என்பதை விடாதீர்கள். விகிதத்தை மாற்றும் நாளில் தட்டை மாற்ற வேண்டாம், இடத்தை மாற்ற வேண்டாம், பிராண்டையும் மாற்ற வேண்டாம். அடுத்தடுத்து இரண்டு வேளை ஒதுக்கினால் முந்தைய விகிதத்துக்கு ஒரு படி மட்டும் இறங்குங்கள். தொடக்கத்துக்குப் போகாதீர்கள். ஒரேயடியாகப் பால்சோற்றுக்கே திரும்பினால், காத்திருந்தால் பால்சோறு வரும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்ளும். அந்தப் பாடத்தை அழிப்பது கடினம்.

மருந்தை இந்தத் தட்டில் கலக்கவே கூடாது. கசப்பை ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் உணவையே சந்தேகிக்கும். மருந்துக்குத் தனி நேரம், தனி ஸ்பூன்.

10. உலர் உணவுக்குப் பழக்குவது

கூழுணவை நன்றாகத் தின்கிறது, கன்னப் பற்கள் வந்துவிட்டன என்றால் மட்டும் இதைத் தொடங்குங்கள். பவுச் உணவிலேயே வைத்திருப்பதிலும் தவறில்லை. அதில் ஏறத்தாழ 80 சதவீதம் தண்ணீர் இருப்பதால் நம் வெயிலுக்கு அது நல்லதும்கூட. ஆனால் செலவு இடிக்கும். வேலைக்குப் போகிற வீட்டில் வசதியும் பார்க்க வேண்டும்.

உலர் உணவை வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, முள்கரண்டியால் மசித்து, பழகிய கூழில் ஒரு ஸ்பூன் சேருங்கள். சில நாட்களில் மசிப்பதை நிறுத்துங்கள். பிறகு ஊறும் நேரத்தையும் தண்ணீரையும் குறையுங்கள். உள்ளே மொறுமொறுப்பு, வெளியே ஈரம் என்ற பதத்தில் குட்டி கடிக்கக் கற்றுக்கொள்ளும். கடைசியாக உலர்ந்த நிலை.

ஊறியதும் பவுச்சும் ஏப்ரல், மே மாதச் சூட்டில் ஒரு மணி நேரத்துக்குமேல் தட்டில் கிடக்கக் கூடாது. பிரித்த பவுச்சின் மீதியை மூடிய டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

மூன்றரை மாதம் முதல் 6 மாதம் வரை பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் வரும். அதுவரை மொறுமொறுவென்று தின்ற குட்டி திடீரென்று உலர் உணவை ஒதுக்கினால் பல் ஈறுகளைப் பாருங்கள். சிவந்திருக்கும். தரையில் அரிசிமணி அளவில் பல் கிடப்பதும் உண்டு. சில நாட்கள் மறுபடியும் ஊறவைத்துக் கொடுங்கள். வேறு பிராண்டைத் தேடிப் போக வேண்டாம்.

11. தராசு சொல்வதைக் கேளுங்கள்

தின்கிறதா இல்லையா என்று கண்ணால் முடிவுசெய்யாதீர்கள். தினமும் ஒரே நேரத்தில், காலைச் சாப்பாட்டுக்கு முன்பு, தராசில் ஒரு டப்பாவை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டுக் குட்டியை உள்ளே விடுங்கள். எண்ணை எழுதி வையுங்கள். நலமாக வளரும் குட்டி வாரத்துக்குச் சுமார் 100 கிராம் கூடும்; 2 மாதத்தில் 800 கிராமை ஒட்டி இருக்கும். மெலிந்து வந்த குட்டி அந்த எண்ணை எட்டாவிட்டாலும் கோடு மேல்நோக்கிப் போக வேண்டும். ஒரு நாள் கூடாமல் நின்றால் கவனியுங்கள். தொடர்ந்து இரண்டு நாள் குறைந்தால், எவ்வளவு துள்ளி விளையாடினாலும், மருத்துவரிடம் காட்டுங்கள்.

மலமும் ஒரு கணக்கு. உருண்டு திரண்டு, பழுப்பாக, மண்ணில் ஒட்டாமல் இருந்தால் உணவு ஒத்துப்போகிறது. இளகினால் கலவையில் ஒரு படி பின்னால் போங்கள். இரத்தமோ சளியோ தெரிந்தால் அதையே ஒரு சிறு டப்பாவில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள், பரிசோதனைக்கு உதவும்.

12. பழகிய பிறகு

ஒரே சுவையில் நிறுத்திவிட வேண்டாம். இந்த வயதில் சந்தித்த மணங்களையும் பதங்களையும் பெரிய பூனையானதும் எளிதில் ஏற்கும். சந்திக்காதவற்றை முறைத்துப் பார்க்கும். கோழிச் சுவை ஒன்று, மீன் சுவை ஒன்று, கூழ்பதம் ஒன்று, உலர்ந்தது ஒன்று என்று வாரத்துக்குள் சுற்றிவருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். என்றைக்காவது கடையில் சரக்கு இல்லாமல் போகும், அல்லது மருத்துவர் வேறு உணவு எழுதிக்கொடுப்பார்; அப்போது இது கைகொடுக்கும்.

4 மாதத்துக்குப் பிறகு மூன்று வேளை, 6 மாதத்துக்குப் பிறகு இரண்டோ மூன்றோ. குட்டி உணவைச் சுமார் ஒரு வயது வரை தொடருங்கள். வளர்ந்த பூனைக்கான உணவுக்கு மாறும்போதும் அதே மூன்றுக்கு ஒன்று கணக்குதான்.